முதலில் கேபிளைப் பாருங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் வீட்டிலிருந்து வரும் போன் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சு, இன்னிக்குப் படமே வரல." போன பொங்கலுக்கு நான் கூடலூர் போனபோது, என் தாய்மாமா வாசலிலேயே இதைச் சொல்லித்தான் வரவேற்றார். (நான் சொல்வது தேனி மாவட்டக் கூடலூர். நீலகிரியில் இன்னொரு கூடலூர் உண்டு. இந்த வித்தியாசம் பிறகு தேவைப்படும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

சி.பி.யு.வில் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது. மானிட்டரில் மட்டும் 'நோ சிக்னல்'. "வைரஸ் ஏறிடுச்சு மாப்ள" என்று மாமா முடிவே கட்டிவிட்டார். மேஜைக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன். பொங்கலுக்கு வெள்ளையடிக்க மேஜையை நகர்த்தியதில் மானிட்டர் கேபிள் பாதி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அழுத்திச் செருகினேன். படம் வந்துவிட்டது.

"இம்புட்டுதானா?" என்று மாமா அசடு வழிந்தார்.

"வெட்கப்படாதீங்க மாமா. இதே கேபிள் தகராறு உலகத்துப் பெரிய விஞ்ஞானிகளுக்கே நடந்திருக்கு. அதுவும் நம்ம ஊர்க்காரங்க பயந்த அதே நியூட்ரினோ விஷயத்துல" என்றேன். அந்தக் கதையைத்தான் இந்த மாதம் பார்க்கப் போகிறோம். அறிவியல் செய்தி ஒன்று உங்கள் திரைக்கு வந்தால் அதை எப்படிப் படிப்பது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

ஒளியை முந்திய துகள்

நியூட்ரினோ என்பது அணுவைவிட மிகமிகச் சிறிய ஒரு துகள். அதற்கு மின்னூட்டம் கிடையாது. பெரும்பாலும் எதன் மீதும் மோதாமல், மலை, மனிதன், பூமி என்று எல்லாவற்றையும் ஊடுருவிப் போய்விடும். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் மட்டும், உங்கள் கட்டைவிரல் நகம் அளவு இடத்தில் ஒரு விநாடிக்குச் சுமார் 6,500 கோடி கடந்து போகின்றன. இரவிலும்தான். அப்போது அவை பூமியைத் துளைத்துக்கொண்டு கீழிருந்து வருகின்றன!

ஸ்விட்சர்லாந்தின் ஜெனீவா நகருக்கு அருகே செர்ன் ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. அங்கிருந்து பூமிக்குள்ளாகவே, சுமார் 730 கி.மீ. தள்ளி இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்கு அடியில் உள்ள ஆய்வகத்துக்கு நியூட்ரினோக்களை அனுப்பி, அவை எடுத்துக்கொள்ளும் நேரத்தை 'ஓபெரா' என்ற குழு அளந்தது. 2011 செப்டம்பரில் அவர்கள் வெளியிட்ட முடிவு உலகையே உலுக்கியது. ஒளி வந்து சேர வேண்டிய நேரத்தைவிட 60 நானோ விநாடி முன்னதாகவே நியூட்ரினோக்கள் வந்துவிட்டன!

60 நானோ விநாடி என்றால் எவ்வளவு? உங்கள் கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் '3 கிகாஹெர்ட்ஸ்' என்று போட்டிருக்கிறதா? அந்தப் பிராசஸர் ஒரு விநாடிக்கு 300 கோடி முறை துடிக்கிறது என்று அர்த்தம். 60 நானோ விநாடியில் அது 180 முறைதான் துடிக்கும். ஆனால் ஒளியை எதுவும் முந்த முடியாது என்பது ஐன்ஸ்டீன் கோட்பாட்டின் அஸ்திவாரம். அதில் ஒரு நானோ விநாடி பிசகினாலும் பிசகுதான்.

உடனே ஜோக்குகள் பறந்தன. ஒளியை முந்தினால் காலத்தில் பின்னோக்கிப் போகலாம் என்ற கணக்கை வைத்து உலகமெங்கும் சுற்றிய ஒரு ஜோக்கை நம்மூர் டீக்கடைக்கு மாற்றினால் இப்படி வரும்: "'நியூட்ரினோவுக்கெல்லாம் இங்கே டீ கிடையாது' என்றார் கடைக்காரர். அதன் பிறகு ஒரு நியூட்ரினோ கடைக்குள் நுழைந்தது." பிரிட்டன் இயற்பியலாளர் ஜிம் அல்-கலீலி ஒருபடி மேலே போய், இது உண்மையென்று நிரூபணமானால் தொலைக்காட்சி நேரலையில் தன் உள்ளாடையைத் தின்றுவிடுவதாகச் சவால் விட்டார்.

கேபிள்தான் குற்றவாளி

அவர் தின்ன வேண்டிய அவசியம் வரவில்லை. 2012 பிப்ரவரியில் உண்மை வெளியே வந்தது. மலைக்கு அடியில் ஜி.பி.எஸ். நேரடியாகக் கிடைக்காது. எனவே வெளியே வாங்கிய நேர சிக்னலைச் சுமார் 8 கி.மீ. நீளமுள்ள ஃபைபர் ஆப்டிக் கேபிள் வழியாக உள்ளே கொண்டுபோனார்கள். அந்தக் கேபிளின் நுனி, கருவியில் முழுதாகப் பொருந்தாமல் தளர்ந்து இருந்தது. அதனால் வெளிச்சம் குறைவாக உள்ளே போனது. அதை மின் சிக்னலாக மாற்றும் சர்க்யூட் கொஞ்சம் தாமதமாக வேலை செய்தது.

கேபிள் தாமதமானால் நியூட்ரினோ ஏன் முந்தியது போலத் தெரிய வேண்டும்? கம்பத்தில் 8 மணிக்குக் கிளம்பும் பஸ் கூடலூருக்கு 8.20க்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கூடலூர் கடிகாரம் 5 நிமிடம் பின்தங்கி ஓடினால், பஸ் வரும்போது 8.15 என்று காட்டும். டிரைவர் பறந்து வந்துவிட்டார் என்று நினைப்பீர்கள். பஸ் அதே வேகத்தில்தான் வந்தது. கடிகாரம்தான் பின்தங்கியது. அவ்வளவுதான்!

அவர்களுடைய கடிகாரத்தில் எதிர்த்திசையில் இன்னொரு சிறு பிசகும் இருந்தது. இரண்டையும் சரிசெய்த பிறகு, நியூட்ரினோ ஒளியை முந்தவில்லை என்று 2012 ஜூனில் ஜப்பானின் கியோட்டோ மாநாட்டில் முறையாக அறிவித்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. 'ஐன்ஸ்டீன் தோற்றார்' என்று ஓபெரா குழு சொல்லவே இல்லை. 'எங்கள் தவறு எங்களுக்குத் தெரியவில்லை, நீங்களும் சோதித்துப் பாருங்கள்' என்றுதான் கேட்டார்கள். ஐன்ஸ்டீனைத் தோற்கடித்தது செய்தியைச் சுருக்கியவர்களும் ஜோக் அடித்தவர்களும்தான்.

இரண்டு கூடலூர் கதை

இப்போது நம்மூருக்கு வருவோம். இந்தியாவும் ஒரு நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கத் திட்டமிட்டது. நமக்கு இது புதிதல்ல. 1965லேயே கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் நியூட்ரினோவைப் பதிவு செய்தவர்கள் நாம். புதிய ஆய்வகத்துக்கு முதலில் பார்த்த இடம் நீலகிரியில் மசினகுடி அருகே சிங்காரா, அதாவது அந்தக் கூடலூர் பக்கம். முதுமலைப் புலிகள் காப்பகம் அருகே இருப்பதால் 2009ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி மறுத்தது. அடுத்துத் தேர்வான இடம் தேனி மாவட்டம் தேவாரம் பக்கமுள்ள பொட்டிப்புரம். "அந்தக் கூடலூர்ல வெரட்டுனா இந்தக் கூடலூருக்கு வருதுடா" என்று எங்கள் டீக்கடையில் சிரித்தார்கள்.

2015 தொடக்கத்தில் சுமார் 1,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அரசின் ஒப்புதல் வந்தபோது நான் பிளஸ் டூ. டீக்கடை முழுக்க நியூட்ரினோதான். "கோடிக்கணக்குல உள்ள போகுதாம், ஒண்ணுகூட ஒட்டாதாம். நம்ம பயலுக்குப் பிசிக்ஸ் பாடம் மாதிரி" என்று என்னைக் காட்டியே ஒருவர் ஜோக் அடித்தார். கூடவே பயமும் இருந்தது. 2009ல் வந்த '2012' என்ற ஹாலிவுட் படத்தில், சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் பூமியின் உள்பகுதியையே கொதிக்க வைப்பதாகக் கதை. அதைப் பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? 'கதிர்வீச்சு வரும், திராட்சை கருகும்' என்று பேச்சு கிளம்பியது.

அந்தப் பயம் தேவையில்லாதது. அங்கே அமைய இருந்தது நியூட்ரினோவைத் தயாரிக்கும் இயந்திரம் அல்ல. 50,000 டன் இரும்பு அடுக்குகளை வைத்து, தானாக வருவதில் ஒரு நாளைக்குச் சிலவற்றை மட்டும் பதிவு செய்யும் கருவி. விண்ணிலிருந்து வரும் மற்ற துகள்களின் இரைச்சலைப் பாறை தடுக்கும் என்பதற்காகவே மலைக்கு அடியில் இடம் பார்த்தார்கள்.

இதையெல்லாம் அன்றைக்கே அரைகுறையாகத் தெரிந்துகொண்டு மாமாவிடம் பீற்றினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது என் ஒடம்புக்குள்ள போறத விடு மாப்ள. மலைக்குள்ள வெடி வச்சா தண்ணி எங்க போகும்?" என்றார். நான் சிரித்துவிட்டு, மறுபடியும் நியூட்ரினோ மோதாது என்ற பாடத்தையே ஒப்பித்தேன். அவர் கேட்டது ஒன்று, நான் சொன்னது வேறு.

செய்திக்கும் ஒரு கேபிள் சோதனை

அறிவியல் செய்தியோ ஜோக்கோ உங்கள் திரைக்கு வந்தால், அடுத்தவருக்கு அனுப்புவதற்கு முன் இந்த நான்கையும் செய்து பாருங்கள்.

1. யார் சொன்னது? 'விஞ்ஞானிகள் அதிர்ச்சி' என்று மட்டும் இருந்தால் அது பாதி கழன்ற கேபிள். ஆய்வுக்குழுவின் பெயர், நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதைத் தேடுபொறியில் டைப் செய்யுங்கள். படம் மட்டும் வந்தால், பிரவுசரில் அதன் மேல் மவுஸின் வலது பட்டனைக் கிளிக் செய்து படத்தை வைத்துத் தேடும் வசதியைப் பயன்படுத்துங்கள். பழைய படமாக இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

2. எண் என்ன, அலகு என்ன? 'ஒளியைவிட வேகம்' என்பது தலைப்பு. '730 கி.மீ. தூரத்தில் 60 நானோ விநாடி' என்பது செய்தி. எண்ணே இல்லாத அறிவியல் செய்தியை நம்ப அவசரப்பட வேண்டாம்.

3. பிறகு என்ன ஆனது? 2011 செய்தியை மட்டும் படித்தவருக்கு ஐன்ஸ்டீன் இன்னும் தோற்றுப்போனவர்தான். பெயரோடு அடுத்தடுத்த வருடங்களையும் சேர்த்துத் தேடுங்கள்.

4. ஜோக் எந்தக் கேள்வியை மறைக்கிறது? படித்த நாம் தவறவிடுவது இதைத்தான். சிரிப்பில் தப்பான பயம் போய்விடும், நல்லதுதான். கூடவே நியாயமான கேள்வியும் அடித்துக்கொண்டு போய்விடும்.

படம் வந்த அந்தக் கம்ப்யூட்டரில் இந்த நான்காவது சோதனையை மாமாவோடு உட்கார்ந்து செய்தேன். 'பொட்டிப்புரம்' என்று அவரையே டைப் செய்யச் சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். வைகோ தொடுத்த வழக்கில் 2015 மார்ச்சில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது வந்தது. மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கி.மீ.க்குள் இருப்பதைச் சுட்டிக்காட்டி, சுற்றுச்சூழல் அனுமதியைப் பசுமைத் தீர்ப்பாயம் 2017ல் நிறுத்தி வைத்தது வந்தது. 2018ல் மத்திய அரசு மறுபடி அனுமதி கொடுத்தது, அதே வருடம் மதுரையில் 85 டன் எடையுள்ள சிறிய மாதிரிக் கருவி ஓடத் தொடங்கியது, புலிகளின் வழித்தடம் என்பதால் இந்த இடத்தில் அனுமதிக்க முடியாது என்று 2022ல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது எல்லாம் வரிசையாக வந்தன.

எந்த நீதிமன்றத்திலும் வாதம், துகள் உடம்புக்குள் போகிறதா என்பதோடு நிற்கவில்லை. மலைக்கும் காட்டுக்கும் என்ன ஆகும் என்பதையே பெரிதாகக் கேட்டிருந்தார்கள். ஆய்வகம் வேண்டும் என்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. கோலாரில் தொடங்கிய நம் ஆராய்ச்சி தொடர வேண்டாமா? ஆனால் அதற்கு முன் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் இருந்தன. அதில் ஒன்றை எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே ஒருவர் கேட்டிருந்தார்.

மாமா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப நான் அன்னிக்குக் கேட்டது கிறுக்குக் கேள்வி இல்லதான மாப்ள?"

"இல்ல மாமா. நான்தான் கேபிளப் பாக்காமப் பேசிட்டேன்."