வீட்டிற்கு வரும் நாய்க்குட்டியும் வீட்டிலிருக்கும் நோயாளியும்

தளவாய்புரம், முகவூர், செட்டியார்பட்டிப் பகுதிகளிலிருந்து எங்களிடம் சிகிச்சைக்கு வருவோர் பலரின் வீடுகளில் நாய் உண்டு. பக்கத்து ஊரின் பெயரையே தாங்கிய நாயினம் இருக்கும்போது இதில் வியப்பில்லை. வெண்ணிற உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட ராஜபாளையம் நாய்க்கு 2005 ஜனவரியில் அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. குட்டியின் உணவு, வளர்ப்பு குறித்துக் கால்நடை மருத்துவர் சொல்வார். குட்டி நுழையும் வீட்டில் சர்க்கரை நோயாளியோ, முதியவரோ, தவழும் குழந்தையோ இருக்கும்போது செய்ய வேண்டிய முன்னேற்பாடுகளைக் கூறுவது எங்கள் பணி.

எட்டு வாரக் குட்டி உலகை வாயால்தான் அறிகிறது. ஆகவே முதலில் தரையில் அமர்ந்து, அதன் கண் உயரத்திலிருந்து வீட்டைப் பாருங்கள். நைட்டி தைக்கும் வீடுகளில் நாம் கவனிக்காத பலவும் அந்த உயரத்தில் தென்படும்: முறிந்த ஊசி, குண்டூசி, பித்தான், எலாஸ்டிக் துண்டு, வெட்டுத்துணிக் குவியலில் சுருண்டு கிடக்கும் நூல். ஊசியைவிட நூலே ஆபத்தானது என்றால் பலர் நம்புவதில்லை. விழுங்கிய நூலின் ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையிலோ சிக்கிக்கொள்ள, மறுமுனை குடலுக்குள் இழுபடும். நாடாவை இழுத்த பாவாடையைப் போலக் குடல் சுருங்கும். இறுகிய நூல் குடற்சுவரை அறுத்துவிடவும் கூடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காமல், வெட்டாமல், கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். தையல் நடக்கும் அறைக்கு ஒரு தடுப்புப் பலகை வைத்துவிட்டால் இந்தக் கவலை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அடுத்தது மாத்திரை. எங்கள் நோயாளிகள் பலர் மாத்திரைப் பையைக் கட்டிலின் தலைமாட்டிலோ சன்னல் திண்டிலோ வைத்திருப்பார்கள். அட்டையோடு கடித்து விழுங்கக் குட்டிக்குச் சில நொடிகள் போதும். மூட்டுவலிக்கு நாம் உண்ணும் இபுபுரூஃபன், டைக்குளோஃபினாக் போன்றவை நாயின் இரைப்பையில் புண் உண்டாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். குட்டிக்குக் காய்ச்சல் என்று நம் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பதும் கூடாது. இன்சுலின் ஊசிகளை மூடியுள்ள கெட்டியான டப்பாவில் போடுங்கள். எலிமருந்து, பாச்சா உருண்டை, வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து, முற்றத்து அரளி, வெங்காயக் குழம்பு, பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சை ஆகியவையும் எட்டாத இடத்தில் இருக்க வேண்டியவை.

சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. பல் முளைக்கும் பருவத்தில் குட்டி கிடைத்ததையெல்லாம் கடிக்கும். மரத்துப்போன கால்விரலை உறக்கத்தில் அது கடித்தாலும் உங்களுக்குத் தெரியாது. காலையில் படுக்கையில் இரத்தக்கறையைக் கண்ட பிறகே தெரியவரும். அத்தகையவர் உறங்கும் அறைக்குள் இரவில் குட்டியை விடவே வேண்டாம். காலையில் பாதங்களைப் பார்த்துக்கொள்ளும் வழக்கத்தையும் விடாதீர்கள். முதியோருக்கு ஆபத்து வேறு வகையானது. காலைச் சுற்றி ஓடும் குட்டி தடுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம். இருட்டில் கழிப்பறைக்குச் செல்லும் வழியில் சிறுவிளக்கு எரியட்டும். மண்ணெடுத்து வாயில் வைக்கும் குழந்தை இருந்தால், குட்டியின் மலத்தை அன்றன்றே அகற்றுங்கள். உருண்டைப்புழு தாயின் கருப்பையிலேயே குட்டிக்குத் தொற்றிவிடும். அதன் முட்டைகள் மண்ணில் கலந்து மனிதருக்குள் சென்றால் கண்ணைக்கூடப் பாதிக்கலாம். குடற்புழு மருந்தைக் குட்டிக்கு இரண்டு வார வயதிலேயே தொடங்க வேண்டும் என்பது இதனால்தான்.

ராஜபாளையம் குட்டிகளுக்கே உரிய இன்னொன்றும் உண்டு. வெண்ணிற நாயினங்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை கொண்ட குட்டிகள் பிறப்பதுண்டு. இவ்வினமும் அதற்கு விலக்கல்ல. குட்டி பாராதபோது அதன் பின்னால் நின்று கையைத் தட்டிப் பாருங்கள். காது கேளாத குட்டியைத் திடீரெனத் தொட்டு எழுப்பினால் அது மிரண்டு கடிக்கும். தரையைக் காலால் தட்டி, அதிர்வை உணரச் செய்து எழுப்பக் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுங்கள்.

கடி என்றதும் நாங்கள் அடிக்கடி கேட்கும் சொற்கள் நினைவுக்கு வருகின்றன: "பால்பல்தானே டாக்டர், விளையாட்டாகக் கடித்தது." ராபிஸ் வைரஸ் பால்பல்லைப் பார்த்து ஒதுங்குவதில்லை. நாய்க்கு ராபிஸ் தடுப்பூசி பொதுவாக மூன்று மாத வயதில்தான் போடப்படுகிறது. எனவே எட்டு வாரத்தில் நீங்கள் வாங்கிவரும் குட்டிக்கு அந்தப் பாதுகாப்பு இன்னும் இல்லை. அது பிறந்து வளர்ந்த இடத்தில் தெருநாய் நுழைந்து கடித்ததா என்பதை விற்றவரும் அறிந்திருக்க மாட்டார். வைரஸ் உடலில் நுழைந்து நோய் வெளிப்பட வாரங்கள், சில வேளை மாதங்கள் ஆகும் என்பதால், வாங்கிய அன்று துள்ளி விளையாடியது எதற்கும் சான்றாகாது. நோய்க்குறிகள் தோன்றிய பின் மனிதர் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. தோன்றும் முன்போ முறையான சிகிச்சையால் முற்றிலும் தடுத்துவிடலாம்.

ஆகவே கீறலானாலும் கடியானாலும் அவ்விடத்தை ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்துக் கழுவினால்தான் 15 நிமிடம் எவ்வளவு நீளம் என்று தெரியும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்ப வேண்டாம். அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இத்தடுப்பூசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், 3, 7, 28ஆம் நாள் என நான்கு தவணைகள். இரத்தம் கசிந்திருந்தாலோ, புண்ணிலோ கண்ணிலோ வாயிலோ எச்சில் பட்டிருந்தாலோ, காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தும் செலுத்த வேண்டியிருக்கும். கடித்த குட்டியைப் பத்து நாள் கவனிப்பது நல்லதுதான். ஆனால் பத்து நாள் பார்த்துவிட்டு ஊசியைத் தொடங்கலாம் என்பது தவறு. இன்றே தொடங்குங்கள்; பத்து நாளுக்குப் பின் குட்டி நலமாக இருந்தால் மீதித் தவணை தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

குட்டியின் தடுப்பூசி அட்டையை வீட்டாரின் மருத்துவக் குறிப்பேட்டுடன் சேர்த்து வையுங்கள். கடிபட்டு வரும்போது அதையும் கையோடு எடுத்து வாருங்கள்.