விளக்கொளியை விலக்கி விண்முகிலைப் பிடிக்கலாம்!

பிறை பார்க்க மாடிக்குச் செல்லும் நம் குடும்பங்கள், பிறை தென்பட்டதும் தக்பீர் சொல்லிக் கீழிறங்கிவிடுகின்றன. மேற்கு வானில் நிலைத்த அந்தப் பார்வையைச் சற்றே திருப்பினால் காணக்கூடிய அற்புதங்கள் எத்தனையோ! அவற்றுள் ஒன்றுதான் நெபுலா எனப்படும் விண்முகில். புதிய விண்மீன்கள் பிறப்பதும், முதிர்ந்தவை அழியும்போது உதறிச் செல்வதும் இத்தகைய வாயு மேகங்களே.

தை, மாசி மாதங்களின் முன்னிரவில் தெற்கு நோக்கி அண்ணாந்து பாருங்கள். ஒரே வரிசையில் மூன்று விண்மீன்கள் தெரியும். ஓரியன் என்னும் வேட்டைக்காரனின் இடைக்கச்சை அது. அவன் காலடியில் ஒளிரும் விண்மீனின் பெயர் ரிஜெல். அரபியில் ‘ரிஜ்ல்’ என்றால் கால். மற்றொன்றின் பெயர் ஸைஃப்; அதாவது வாள். முஸ்லிம் வானியலாரின் மொழி இன்றும் வானில் வழங்கி வருவதற்கு இவை சான்றுகள். இடைக்கச்சைக்குக் கீழே மங்கலான புகைபோல் தோன்றுவதே ஓரியன் விண்முகில். அது சுமார் 1,300 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. இன்று நம் கண்ணை வந்தடையும் அதன் ஒளி, ஹிஜ்ரி முதல் நூற்றாண்டையொட்டிய காலத்தில் அங்கிருந்து புறப்பட்டது!

1880-ஆம் ஆண்டு செப்டம்பர் 30 அன்று அமெரிக்காவின் ஹென்றி டிரேப்பர் இதனை முதன்முதலாகப் புகைப்படம் எடுத்தார். அன்று அறிஞர் ஒருவரின் அருஞ்சாதனையாக இருந்தது, இன்று திண்டுக்கல் நகரின் மொட்டை மாடியிலிருந்தே இயலக்கூடியதாகிவிட்டது.

வடிகட்டி செய்யும் வேலை

நகரத்து வானம் கறுப்பாக இல்லை. தெருவிளக்கும் கடைவிளக்கும் தூசியில் பட்டுச் சிதறி வானத்தை வெளுக்கச் செய்கின்றன. ஆனால் விண்முகிலின் ஒளிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. விளக்கொளியைப் போல் அது எல்லா நிறங்களிலும் பரவியிருப்பதில்லை. ஹைட்ரஜன் வாயு 656.3 நானோமீட்டர் அலைநீளத்தில் சிவப்பாக ஒளிர்கிறது, ஆக்ஸிஜன் 500.7-இல் பசுமையாக ஒளிர்கிறது. கந்தகம் 672-ஐ ஒட்டி அடர்சிவப்பாக ஒளிர்கிறது.

கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அகலம் ஏறத்தாழ 300 நானோமீட்டர். அதில் 7 நானோமீட்டரை மட்டும் உள்ளே விடும் கண்ணாடியே குறும்பட்டை வடிகட்டி. எல்லா நிறமும் கலந்த வெள்ளொளியில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்குக்கு மேல் அது தடுத்துவிடுகிறது. விண்முகிலின் அந்த ஒரு நிறமோ பெரும்பாலும் குறையாமல் வந்து சேர்கிறது. நிலவொளியின் தொல்லையும் வெகுவாகக் குறைகிறது.

தேவைப்படும் கருவிகள்

60 முதல் 80 மில்லிமீட்டர் அகல வில்லை கொண்ட சிறு தொலைநோக்கியே போதும். அதைவிட முக்கியமானது, பூமியின் சுழற்சியை ஈடுசெய்து விண்மீனைத் தொடரும் தாங்கி. அதன் அச்சை வடதுருவ விண்மீனை நோக்கி அமைக்க வேண்டும். இங்குதான் நம்மூருக்கே உரிய சிரமம் எழுகிறது. திண்டுக்கல் பத்துப் பாகை அகலாங்கில் இருப்பதால், துருவ விண்மீன் அடிவானிலிருந்து பத்துப் பாகை உயரத்தில்தான் நிற்கும். கையை நீட்டி மடக்கிய முட்டியின் உயரமே அது! வடக்கே ஒரு வீடோ தென்னந்தோப்போ இருந்தால் மறைந்துவிடும்.

இத்தாழ்வினால் ஓர் ஆதாயமும் உண்டு. இலண்டன்வாசிகள் தம் ஊரிலிருந்து ஒருபோதும் காண இயலாத கரீனா விண்முகில், பங்குனி, சித்திரை இரவுகளில் நமக்குத் தென்வானில் இருபது பாகை உயரத்தில் தென்படுகிறது.

வடிகட்டி ஒளியைக் குறைப்பதால் ஒவ்வொரு படத்திற்கும் சில நிமிடங்கள் தேவை. பல படங்கள் எடுத்துக் கணினியில் ஒன்றுசேர்க்க வேண்டும். பதினாறு படங்களைச் சேர்த்தால் அவற்றிலுள்ள புள்ளிக் கலக்கம் நான்கில் ஒன்றாகக் குறையும். நம் ஊர் வெப்பத்தில் இக்கலக்கம் மிகுதி என்பதால், உணரியைக் குளிரவைக்கும் கேமராவே சிறந்தது.

இந்த வடிகட்டிகள் இரவுக்கு உரியவை. இவற்றை நம்பிச் சூரியனை ஒருபோதும் பார்க்கலாகாது, கண் பறிபோய்விடும்.

அந்த நிறங்கள் பொய்யா?

1995-இல் ஹபிள் தொலைநோக்கி எடுத்த ‘படைப்பின் தூண்கள்’ படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கந்தகத்திற்குச் சிவப்பும், ஹைட்ரஜனுக்குப் பச்சையும், ஆக்ஸிஜனுக்கு நீலமும் அளித்து உருவாக்கியது அது. கண் காணும் நிறம் அதுவன்று. எனினும் எந்த வாயு எங்குள்ளது என்னும் உண்மையை அது காட்டுகிறது. நிறம் எவ்வாறு அளிக்கப்பட்டது என்பதை மறைக்காமல் சொல்லும்வரை அதில் பொய்யில்லை.

நம் மாவட்டத்தின் பங்கு

ஒற்றை நிறத்தில் வானைப் படம்பிடிக்கும் கலை திண்டுக்கல் மாவட்டத்திற்குப் புதிதன்று. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சத்திற்குப் பின், சூரியனைத் தொடர்ந்து கவனித்தால் மழையின் போக்கை அறியலாம் என்ற நம்பிக்கை எழுந்தது. அந்தப் பசியின் நினைவிலிருந்து உருவானதே கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம். அங்கு 1904 முதல் கால்சியத்தின் ஒற்றை ஒளியிலும், 1912 முதல் ஹைட்ரஜனின் அதே 656.3 சிவப்பிலும் சூரியன் படமெடுக்கப்பட்டது. மழையை முன்னறியும் எதிர்பார்ப்பு கைகூடவில்லை. ஆயினும் தலைமுறைகளாகச் சேர்ந்த அப்படங்கள் இன்று உலக ஆய்வாளர்களின் கருவூலம். 1909-இல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்ததும் அங்கேதான்.

வடிகட்டியால் இயலாதது

கி.பி. 964 வாக்கில் இஸ்ஃபஹானில் வாழ்ந்த அறிஞர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி, ஆண்ட்ரோமீடா பகுதியில் ஒரு ‘சிறு மேக’த்தைக் குறித்து வைத்தார். தொலைநோக்கி தோன்றாத காலம் அது. வெறும் கண்ணே அவருக்குப் போதுமாயிருந்தது. அது வாயு மேகமன்று, கோடானுகோடி விண்மீன்கள் அடங்கிய தனி மண்டலம் என்பது 1920-களில் தெளிவாயிற்று. விண்மீன்களின் ஒளி எல்லா நிறங்களிலும் பரவியிருப்பது. ஆகவே குறும்பட்டை வடிகட்டி விளக்கொளியுடன் அதையும் சேர்த்தே தடுத்துவிடும்.

அஸ்ஸூஃபி கண்டதை நகரத்து வானில் மீட்டுத் தர விலைகொடுத்து வாங்கும் எந்தக் கண்ணாடியாலும் இயலாது. இருளால் மட்டுமே இயலும். வாசலிலும் மாடியிலும் உள்ள விளக்குகளுக்குத் தரைநோக்கிய மூடி போடுவதும், தேவையற்றபோது அணைப்பதும் நம் கையில் உள்ளன. மின்கட்டணமும் குறையும், பிள்ளைகளுக்கு வானமும் மிஞ்சும்.