சைன் அலை முக்கோணமாகும் இடம்

மின்னணுவியல் ஆய்வகத்தில் எட்டுக் கால்களோடு கறுப்பாக ஓர் ஐசி கிடந்தால், அது 741 ஆக இருக்க வாய்ப்பு அதிகம். டேவிட் ஃபுல்லகார் வடிவமைத்து, ஃபேர்சைல்டு நிறுவனம் 1968இல் வெளியிட்ட ஆப்-ஆம்ப் அது. வயது ஐம்பதைத் தாண்டியும் மாணவர்கள் அதை விடுவதாக இல்லை.

வாங்கிய மின்னழுத்தத்தை அப்படியே திருப்பித் தரும்படி அதை இணைத்து, 50 மில்லிவோல்ட் உச்சமுள்ள சைன் அலையை 20 கிலோஹெர்ட்ஸில் கொடுத்தால், ஆசிலோஸ்கோப்பில் குறையே தெரியாது. அதே அலையின் உச்சத்தை 10 வோல்ட்டுக்கு ஏற்றியதும் கதை மாறுகிறது. வளைவுகள் நேர்கோடுகளாகி, திரையில் முக்கோணம் நிற்கும். உயரமும் ஆறேகால் வோல்ட்டோடு நின்றுவிடும். மின்வழங்கல் ±15 வோல்ட் என்பதால், தலை முட்டி வெட்டுப்பட்டது என்றும் சொல்ல முடியாது.

காரணம் உள்ளே இருக்கும் 30 பைக்கோஃபாரட் மின்தேக்கி. பின்னூட்டம் கொடுத்ததும் சுற்று தானாக அலைய ஆரம்பித்துவிடாமல் தடுக்கிறது அது. முந்தைய 709இல் இதற்கான உறுப்புகளைப் பயன்படுத்துபவரே வெளியே பொருத்த வேண்டியிருந்தது. 741 பரவலானதற்கு இந்தத் தொல்லை ஒழிந்தது முக்கியக் காரணம். அதற்கு விலை உண்டு.

மின்தேக்கிக்கு மின்னோட்டம் தருவது உள்ளீட்டு டிரான்சிஸ்டர் ஜோடி. அதன் இரு உள்ளீடுகளுக்கும் இடையே சில மில்லிவோல்ட் வித்தியாசம் இருக்கும்வரை, அதற்கேற்ற அளவில் மின்னோட்டம் பாயும். வித்தியாசம் பெரிதானால் ஒரு டிரான்சிஸ்டர் முழுச் சுமையையும் ஏற்க, மற்றது அணைந்துவிடும். அப்போதும் கிடைப்பது ஏறத்தாழ 15 மைக்ரோஆம்பியர்தான். முழுக்கத் திறந்த குழாயை இன்னும் திருகினால் குடம் சீக்கிரம் நிறைந்துவிடுமா? 15 மைக்ரோஆம்பியரை 30 பைக்கோஃபாரட்டால் வகுத்தால், ஒரு மைக்ரோவினாடிக்கு அரை வோல்ட். இதுவே ஸ்லூ ரேட். 10 வோல்ட் அலை, பூச்சியத்தைக் கடக்கும் இடத்தில் ஒன்றேகால் வோல்ட் கேட்கிறது.

ஆகவே தகவல் தாளில் கண்ணைப் பறிக்கும் 1 மெகாஹெர்ட்ஸ் சின்ன அலைக்கு மட்டுமே. 10 வோல்ட் உச்சத்துக்கு 8 கிலோஹெர்ட்ஸைத் தாண்டினாலே உருவம் கெடும். அந்த எண்ணையும் அதே பெரிய எழுத்தில் அச்சிட்டால் பலர் பிழைத்துக்கொள்வார்கள். பின்னால் வந்த டிஎல்071 மைக்ரோவினாடிக்கு 13 வோல்ட் ஓடும்.

சின்ன அலைக்கு எப்போதும் சலுகை என்றில்லை. எல்எம்324இன் வெளியீட்டில் மேலே தள்ளும் டிரான்சிஸ்டர் கீழே இழுப்பதிடம் வேலையை ஒப்படைக்கும் இடத்தில் ஒரு சிறு இடைவெளி விழும். பெரிய அலையில் அது கரைந்துபோகும். மெல்லிய ஒலியிலோ கரகரப்பாகக் காதில் உறுத்தும். வெளியீட்டிலிருந்து எதிர்மின் வழங்கலுக்கு ஒரு மின்தடையைப் போட்டு, மேல் டிரான்சிஸ்டரை அணையவிடாமல் வைத்திருப்பது பழைய கைவைத்தியம்.