வலிக்காத கட்டியே ஆபத்து!



"கட்டிதான் இருக்கு, வலி ஒண்ணும் இல்லையே! எதுக்கு டாக்டர்?" லயங்களில் நாம் கேட்டுப் பழகிய பேச்சு இது. இந்தப் பேச்சுதான் உயிருக்கு உலை வைக்கிறது. மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை.

மலேசியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் இதற்கே. 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, இந்நோய் கண்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் தெரிந்துகொண்டார்கள்.

ஏன் இந்தத் தாமதம்? பயம் ஒரு பக்கம். ஒரு நாள் கூலி போகுமே என்ற கவலை மறுபக்கம். ஆண் டிரெஸரிடம் மார்பைப் பற்றிச் சொல்லக் கூச்சம் வேறு. அதனால்தான் கிளினிக் மிஸ்ஸியும் ஆயாக்கொட்டகை ஆயாவும் இதை அறிந்திருக்க வேண்டும். பெண்ணிடம் பெண் மனம்விட்டுச் சொல்வாள்.

"மிஸ்ஸியால் என்ன ஆகும்?" என்று கேட்கலாம். மும்பாயில் டாட்டா நினைவு மருத்துவமனை 1998இல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. அதில் சேர்ந்த ஏழைப் பெண்கள் சுமார் ஒன்றரை லட்சம் பேர். அவர்களில் ஒரு பாதியினரைப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப்பெண்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் தொட்டுச் சோதித்தார்கள். அவர்கள் டாக்டர்கள் அல்லர். 2021இல் முடிவு வெளிவந்தது. சோதிக்கப்பட்டவர்களிடம் நோய் முன்னதாகவே பிடிபட்டது. 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடையே இந்நோயால் வரும் மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. பயிற்சி பெற்ற பெண்ணின் கை செய்த வேலை அது!

ஒரு வார்த்தை மிஸ்ஸிகளுக்கும்: ஊருக்குச் சொல்லிவிட்டு உங்கள் உடம்பை மறந்துவிடாதீர்கள். விஷயம் தெரிந்தும் தம்மைச் சோதித்துக்கொள்ளாத தாதியர் பல நாடுகளில் உண்டு.

கவனிக்க வேண்டியவை:

* மார்பிலோ அக்குளிலோ கட்டி
* தோல் தடித்துக் குழி விழுதல்
* காம்பு உள்ளிழுத்துக்கொள்ளுதல்
* காம்பிலிருந்து ரத்தக் கசிவு
* ஆறாத புண்

எல்லாக் கட்டியும் புற்றுநோயல்ல. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர்; பக்கத்து வீட்டு அக்கா அல்ல. பச்சிலை வைத்துக் கட்டி நாளை ஓட்டாதீர்கள். பகாவ் அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். மேல்சிகிச்சைக்குக் கோலப்பிலாவிலும் சிரம்பானிலும் அரசாங்க மருத்துவமனைகள் உள்ளன.

கூலி போகுமே என்று அஞ்ச வேண்டாம். டாக்டர் எம்.சி. கொடுத்தால் சம்பளத்தோடு விடுப்பு கிடைக்கும். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் தரும் உரிமை அது. அரசாங்க உதவித்தொகை பெறும், 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு, 2019இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில் இலவச உடல் பரிசோதனையும் உண்டு.

ஆயாக்களுக்கும் பயிற்சி வேண்டும் என்று தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். கணவன்மார்களே, வீட்டுக்காரி கட்டி என்று வாய் திறந்தால், "அப்புறம் பார்க்கலாம்" என்காதீர்கள். அன்றைக்கே அழைத்துப் போங்கள்!