மலையேறும் வண்டி: திறனும் முறுக்கு விசையும்

இமாசலப் பிரதேசத்தின் மணாலி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,050 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து சாலை வழியாக 51 கிலோமீட்டர் சென்றால் ரோதங் கணவாயை அடையலாம். அக்கணவாயின் உயரம் ஏறத்தாழ 3,980 மீட்டர். மலையைச் சுற்றிச் சுற்றிச் செல்லும் அச்சாலை, இடையில் 1,900 மீட்டருக்கும் மேல் உயர்கிறது.

கோடைக்காலத்தில் இத்தகைய சாலைகளில் காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. சமவெளியில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் எளிதாக விரையும் மகிழுந்து ஒன்று, கொண்டை ஊசி வளைவில் உறுமுகிறது, நடுங்குகிறது, பின்பு நின்றுவிடுகிறது. பின்னால் வரும் பழைய பேருந்தோ, பயணிகளையும் அவர்களுடைய மூட்டைகளையும் சுமந்துகொண்டு, மெதுவாக, ஆனால் நிற்காமல் அதனைக் கடந்து ஏறிச் செல்கிறது.

பேருந்தின் இயந்திரம் பெரியது என்பது மட்டும் இதற்குக் காரணமன்று. பேருந்தின் ஓட்டுநர், ஏற்றத்திற்கு உரிய கியரை வளைவுக்கு முன்பே தேர்ந்துகொண்டார். மகிழுந்தின் ஓட்டுநர் அவ்வாறு செய்யவில்லை. இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ளத் திறன், முறுக்கு விசை ஆகிய இரண்டையும் அறிதல் வேண்டும்.

குதிரைத் திறன்

நீராவி இயந்திரத்தைச் செம்மைப்படுத்தியவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் வாட் (1736–1819). அவர் காலத்தில் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் பல வேலைகளைக் குதிரைகளே செய்துவந்தன. தம் இயந்திரம் எத்தனை குதிரைகளுக்கு ஈடாகும் என்று கூறினால்தான் வாங்குவோர் அதன் மதிப்பை உணர்வர் என்பதை வாட் அறிந்திருந்தார். ஆகவே, ஒரு நிமிடத்தில் 33,000 பவுண்டு எடையை ஓரடி உயரத்திற்குத் தூக்குவதை ஒரு குதிரைத் திறன் என அவர் வரையறுத்தார். இன்றைய அளவையில் அஃது ஏறத்தாழ 746 வாட் ஆகும். திறனின் அலகு அவர் பெயராலேயே வழங்குகிறது.

திறன் என்பது வேலை செய்யப்படும் வேகம். ஓர் அரிசி மூட்டையை மூன்றாம் மாடிக்கு ஒரு நிமிடத்தில் தூக்கினாலும் பத்து நிமிடத்தில் தூக்கினாலும் வேலை ஒன்றே. ஆனால், முதலாவதற்குப் பத்து மடங்கு திறன் வேண்டும்.

முறுக்கு விசை

ஒரு பொருளை ஓர் அச்சைச் சுற்றித் திருப்பும் ஆற்றலே முறுக்கு விசை. வாகன விளம்பரங்கள் இதனை 'டார்க்' என்று குறிப்பிடும். கதவைக் கைப்பிடி அருகே தள்ளினால் எளிதில் திறக்கிறது. கீல் அருகே தள்ளினால் கடினமாக இருக்கிறது. விசை எவ்வளவு என்பதோடு, அச்சிலிருந்து எவ்வளவு தொலைவில் செலுத்தப்படுகிறது என்பதும் முக்கியம். இவ்விரண்டின் பெருக்கற்பலனே முறுக்கு விசை. இதன் அலகு நியூட்டன் மீட்டர்.

முறுக்கு விசை இருந்தும் திறன் இல்லாமற் போகலாம். துருப்பிடித்து இறுகிய மரையைக் கழற்ற முயல்பவர் முழு வலிமையுடன் அழுத்துகிறார், மரை அசையவில்லை. அங்கே முறுக்கு விசை உண்டு, சுழற்சி இல்லை. எனவே மரையின்மீது செலவாகும் திறன் சுழியே. முறுக்கு விசையும் சுழலும் வேகமும் சேரும்போதுதான் திறன் பிறக்கிறது.

ஓர் எளிய கணக்கு

பயணிகளுடன் 1,500 கிலோகிராம் நிறையுள்ள மகிழுந்து ஒன்றைக் கருதுவோம். பத்து மீட்டர் செல்லும்போது ஒரு மீட்டர் உயரும் சாலையில் அது ஏறுகிறது. உராய்வையும் காற்றின் தடையையும் கணக்கில் சேர்க்காவிட்டால், வண்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 1,470 நியூட்டன் விசை, அதனைப் பின்னோக்கி இழுக்கும். சக்கரத்தின் ஆரம் 0.3 மீட்டர் எனில், வண்டி பின்வாங்காமல் ஏறுவதற்குச் சக்கரங்களில் 441 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை வேண்டும்.

அதே ஏற்றத்தில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் செல்ல 14,700 வாட் திறன் தேவை. இஃது ஏறத்தாழ 20 குதிரைத் திறன். வண்டியோ 80 குதிரைத் திறன் உடையது என்கிறது விளம்பரம். பிறகு ஏன் திணறல்?

கியர் செய்யும் மாற்றம்

அவ்வண்டியின் இயந்திரம் தரும் உச்ச முறுக்கு விசை 110 நியூட்டன் மீட்டர் என வைத்துக்கொள்வோம். சக்கரத்திற்குத் தேவையானதோ அதைப் போல் நான்கு மடங்கு. இக்குறையை நிரப்புவது கியர் எனப்படும் பற்சக்கரத் தொகுதி. சிறிய பற்சக்கரம் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றும்போது வேகம் குறைகிறது. முறுக்கு விசை கூடுகிறது. மிதிவண்டியில் ஏற்றம் வந்ததும் கியரை மாற்றி, கால்களை விரைவாகவும் இலகுவாகவும் சுழற்றுவது இம்முறையிலேயே.

ஐந்தாம் கியரில் இயந்திரம் மூன்று முறை சுழன்றால் சக்கரம் ஒரு முறை சுழலும் எனக் கொள்வோம். முறுக்கு விசை மூன்று மடங்காகி 330 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். தேவை 441. எனவே வண்டி ஏறாது. இரண்டாம் கியரில் எட்டுச் சுழற்சிக்கு ஒன்று எனில் 880 கிடைக்கும். வண்டி தடையின்றி ஏறும்.

இதையே திறன் கொண்டும் விளக்கலாம். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்தாம் கியரில் இயந்திரம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 950 முறையே சுழலும். அந்நிலையில் உச்ச முறுக்கு விசையே கிடைத்தாலும் 15 குதிரைத் திறனுக்கு மேல் வாராது. விளம்பரம் கூறும் 80 குதிரைத் திறன், நிமிடத்திற்கு ஏறத்தாழ 6,000 முறை இயந்திரம் சுழலும்போதுதான் கிடைக்கும். இரண்டாம் கியரில் இயந்திரம் 2,500 முறைக்கும் மேல் சுழல்வதால் தேவையான 20 குதிரைத் திறன் எளிதில் கிடைக்கிறது.

ஆகவே, திறன் பெரிதா, முறுக்கு விசை பெரிதா என்று வாதிடுவதில் பொருளில்லை. சக்கரத்தில் கிடைக்கும் முறுக்கு விசை, வண்டி ஏறுமா என்பதை முடிவு செய்கிறது. இயந்திரத்தின் திறன், அஃது எவ்வளவு விரைவாக ஏறும் என்பதை முடிவு செய்கிறது. கியர் முறுக்கு விசையைப் பெருக்கும், திறனைப் பெருக்காது. ஒன்றைப் பெற மற்றொன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். அவ்வாறு விட்டுக்கொடுக்கப்படுவது வேகம்.

பேருந்துகளின் டீசல் இயந்திரங்கள் நிமிடத்திற்கு ஏறத்தாழ 1,500 சுழற்சியிலேயே மிகுந்த முறுக்கு விசையைத் தருகின்றன. அதனால் அவை மெதுவாகச் செல்லும்போதும் தளர்வதில்லை.

மெலியும் காற்று

உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறைகிறது. ரோதங் கணவாயின் உயரத்தில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே. எரிபொருள் எரியக் காற்றிலுள்ள ஆக்சிஜன் தேவை. ஆகவே, சாதாரண பெட்ரோல் இயந்திரம் அங்கே தன் திறனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழக்கிறது. காற்றை அழுத்தி உட்செலுத்தும் டர்போ கருவி பொருத்திய இயந்திரங்களில் இவ்விழப்பு குறைவு.

ஏற்றத்தைவிட இறக்கம் அரிது

மலையில் ஏறிய வண்டி இறங்கியாக வேண்டும். உயிருக்கு இடர் மிகுந்த பகுதி இதுவே. 1,500 கிலோகிராம் நிறையுள்ள வண்டி 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ நான்கு யூனிட் மின்சாரத்திற்குச் சமம். 1,000 வாட் துணி தேய்ப்பான் நான்கு மணி நேரம் தரும் வெப்பம் அது. அவ்வெப்பம் முழுவதையும் பிரேக் ஒன்றே தாங்க நேர்ந்தால், அது பழுக்கக் காய்ந்து பிடிப்பை இழக்கும். அதன் குழாயிலுள்ள திரவம் கொதித்தால், மிதியை அழுத்தியும் வண்டி நிற்காது.

எரிபொருளை மிச்சப்படுத்த எண்ணிச் சிலர் இறக்கத்தில் கியரை விடுவித்தோ இயந்திரத்தை நிறுத்தியோ செல்வதுண்டு. அவ்வாறு செய்யவே கூடாது. கீழ்க் கியரில் இறங்கும்போது சக்கரங்களே இயந்திரத்தைச் சுழற்ற வேண்டியிருப்பதால், இயந்திரம் ஒரு தடையாக நின்று வேகத்தை அடக்குகிறது. ஏறுவதற்குத் துணைநின்ற பற்சக்கரமே இறங்கும்போது காவலாகிறது. 'ஏறிய கியரிலேயே இறங்கு' என மலைச்சாலை ஓட்டுநர்கள் கூறுவது இதனால்தான்.

குறுகிய மலைச்சாலையில் இரு வண்டிகள் எதிர்ப்பட்டால், இறங்கும் வண்டியே ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது இந்தியச் சாலை விதி. ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டியை மீண்டும் நகர்த்துவது எவ்வளவு கடினம் என்பதை மேற்கண்ட கணக்கு காட்டும்.

இமயமலைக்கு உரிய இவ்விதி தமிழ்நாட்டின் மலைகளுக்கும் உரியது. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்குச் செல்லும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவ்வழியே பேருந்தில் செல்வோர், ஓட்டுநரின் இடக்கையைக் கவனித்துப் பார்க்கலாம். ஒவ்வொரு வளைவுக்கும் சற்று முன்பே அது கியர்த் தண்டை நாடிச் செல்லும்.

பயிற்சி

1. திறன், முறுக்கு விசை இவ்விரண்டையும் வேறுபடுத்தி எழுதுக.
2. இறுகிய மரையின் எடுத்துக்காட்டு எதனை விளக்குகிறது?
3. பாடத்திலுள்ள மகிழுந்து அதே ஏற்றத்தில் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் ஏற எத்தனை குதிரைத் திறன் வேண்டும்? கணக்கிடுக.
4. இறக்கத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் செல்லும் ஒருவருக்கு அதன் தீங்கை விளக்கி ஐந்து தொடர்களில் எழுதுக.