"செயற்கை எலும்பு" வைத்தால் எலும்பு வளருமா?



எங்கள் டிவிசனில் கொழுந்தெடுக்கும் ஒரு அக்காவைப் பார்க்கப் போன மாதம் லயத்துக்குப் போயிருந்தேன். மழை நாளில் கூடையோடு வழுக்கி விழுந்து கீழ்க்கால் எலும்பு முறிந்தவர். மாவுக்கட்டுப் போட்டும் எலும்பு கூடவில்லை. ஏழு மாதம் ஆனபின் எலும்பு டொக்டர், சத்திர சிகிச்சை செய்து பிளேட் போட்டு, இடைவெளியில் செயற்கை எலும்பு வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து வீட்டில் நித்திரை இல்லை. "மாட்டு எலும்ப வச்சிருவாங்களாமே சார், உள்ளுக்கு அழுகிப் போகாதா?" என்று கணவர் கேட்டார். "வச்ச எலும்பு சதையோட ஒட்டுமா?" என்று மாமியார் கேட்டார். இந்தப் பயத்திலேயே இரண்டு கிளினிக் திகதி தப்பிப் போய்விட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எலும்பு கல் அல்ல. உயிருள்ளது. அதற்குள் இரத்தம் ஓடுகிறது. பழையதை அரிக்கும் அணுக்களும் புதியதைக் கட்டும் அணுக்களும் நாளும் வேலை செய்கின்றன. அதனால்தான் முறிந்த எலும்பு பெரும்பாலும் தானாகவே கூடிவிடுகிறது. ஆனால் முறிந்த இடத்தில் இடைவெளி பெரிதாக இருந்தால், அசைந்து கொண்டே இருந்தால், கிருமி ஏறிவிட்டால், இரத்த ஓட்டம் குறைந்தால் கூடாமலே நின்றுவிடும்.

அப்போது டொக்டர்மார் முதலில் நினைப்பது நோயாளியின் சொந்த எலும்பைத்தான். இடுப்பெலும்பின் மேல் விளிம்பிலிருந்து கொஞ்சம் எடுத்து இடைவெளியில் வைப்பார்கள். அதில் உயிருள்ள அணுக்கள் இருப்பதால் இன்றைக்கும் அதுவே சிறந்தது என்கிறார்கள். ஆனால் எடுக்கக் கூடிய அளவு கொஞ்சம்தான். எடுத்த இடமும் நோகும். சிலருக்குக் காலைவிட இடுப்பு நோவுதான் பெரிதாக இருக்கும்.

இரண்டாவது வழி, இறந்தவர்கள் தானமாகக் கொடுத்த எலும்பு. இலங்கைக் கண்தான சங்கம் 1996இல் கொழும்பில் மனித திசு வங்கியைத் தொடங்கியது. தானமாகக் கிடைக்கும் எலும்பைச் சுத்தம் செய்து, கதிர் வீச்சினால் கிருமி நீக்கிப் பயன்படுத்துவார்கள்.

மூன்றாவதுதான் செயற்கை எலும்பு. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நம் எலும்பின் கடினத்துக்குக் காரணம் கல்சியமும் பொஸ்பேட்டும் சேர்ந்த ஒரு உப்பு. ஹைட்ரொக்சி அபடைட் என்பார்கள். அதைத் தொழிற்சாலையில் செய்து, சூளையில் சுட்டு, துகளாகவோ சிறு கட்டியாகவோ ஆக்குகிறார்கள். திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் இப்படிப்பட்ட எலும்புப் பொருட்களை உருவாக்கியிருக்கிறது. நம் நாட்டிலும் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. அநுராதபுர மாவட்டத்து எப்பாவலயில் 1971இல் கண்டுபிடித்த அபடைட் பாறை இருக்கிறதே, தேயிலைக்குப் போடும் ரொக் பொஸ்பேட் உரம் அதிலிருந்துதான் வருகிறது. அந்தப் பாறையிலிருந்தே சுத்தமான ஹைட்ரொக்சி அபடைட் செய்ய முடியும் என்று பேராதனைப் பல்கலைக்கழகத்தில் காட்டியிருக்கிறார்கள். (அதற்காக உரச்சாக்கில் கை வைத்து விடாதீர்கள்!)

இது புதுப்பழக்கமும் அல்ல. கட்டுப் போடும் அதே வெள்ளை மாவை எலும்புக் குழிக்குள் நிரப்பிய ஜெர்மனிய டொக்டர் ஒருவர் 1892லேயே அதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

இனி மாமியாரின் கேள்விக்கு வருவோம். வைத்த பொருள் வளராது. வளர்வது நம் எலும்புதான். தோட்டத்தில் போஞ்சிக்குக் கம்பு நடுகிறோம். கம்பா காய்க்கிறது? கொடிதான் கம்பைப் பிடித்து ஏறுகிறது. அதுபோல இந்தத் துகள்களில் தேன்கூடு மாதிரிக் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. பக்கத்து எலும்பிலிருந்து இரத்தக் குழாய்கள் அந்தத் துளைக்குள் நுழையும். பின்னால் எலும்பு கட்டும் அணுக்கள் வரும். கம்பும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். மாவு வகை இரண்டு மூன்று மாதத்தில் கரைந்துவிடும். ட்ரை கல்சியம் பொஸ்பேட் வகைக்கு ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடம் வரை ஆகலாம். ஹைட்ரொக்சி அபடைட் பல வருடம் அப்படியே இருக்கும். அழுகுவதற்கு அதில் சதையோ இரத்தமோ இல்லை. ஆனால் எந்தச் சத்திர சிகிச்சையிலும் காயத்தில் கிருமி ஏறலாம். காய்ச்சல், சீழ், சிவந்த வீக்கம் கண்டால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே போக வேண்டும்.

கொடி பலவீனமாக இருந்தால் எத்தனை கம்பு நட்டும் என்ன பயன்? இங்கேதான் நம் ஆட்கள் தவறு விடுகிறார்கள். "வலி இல்ல சார், பெரட்டுக்குப் போறேன், பேர் போட்டாத்தானே சம்பளம்" என்று இரண்டாம் மாதமே மலை ஏறிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை, வீட்டு நிலைமை அப்படி. ஆனாலும் நட்ட தேயிலைக் கன்றைத் தினம் ஆட்டிப் பார்த்தால் வேர் பிடிக்குமா? செயற்கைத் துகளுக்குப் பாரம் தாங்கும் பலம் கிடையாது. பாரத்தைத் தாங்குவது பிளேட்டும் ஸ்க்ரூவும்தான். எலும்பு கூடுமுன் மிதித்தால் பிளேட்டே உடைந்து போகும். எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிந்ததும் கூடிவிட்டது என்று முடிவு கட்டவும் கூடாது. வைத்த துகளும் வெள்ளையாகத்தான் தெரியும். எப்போது எவ்வளவு மிதிக்கலாம் என்பதை டொக்டர் வாயால்தான் கேட்க வேண்டும்.

பீடி, சிகரெட், வெற்றிலையோடு போடும் புகையிலை மூன்றும் எலும்புக்கு எதிரி. நிக்கொட்டின் சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். சீனி வருத்தம் உள்ளவர்கள் சீனியைக் கட்டுப்பாட்டில் வைத்தே போக வேண்டும். பருப்பு, முட்டை, நெத்தலி, பால், கீரை, இதில் முடிந்ததைச் சாப்பாட்டில் சேருங்கள்.

மாட்டு எலும்பு விஷயத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். மாட்டு எலும்பைச் சுட்டுச் சுத்திகரித்துச் செய்யும் வகையும் உலகத்தில் உண்டு. விருப்பமில்லாதவர்கள் கையொப்பம் போடுமுன், "எதிலிருந்து செய்தது?" என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. எந்த டொக்டரும் கோபிக்க மாட்டார். சாமான் வெளியில் வாங்கி வரச் சொன்னால், வட்டிக்கு வாங்குமுன் துண்டைக் கொண்டு வந்து என்னிடம் காட்டுங்கள். வேலைத்தளத்தில் விழுந்தவர்கள் அன்றைக்கே விபத்தைப் பதிவு செய்ய வேண்டும். நட்டஈடு கேட்க அது தேவைப்படும்.

அந்த அக்கா இந்த மாதம் கணவரோடு கிளினிக் போனார். மாட்டெலும்பைப் பற்றி அவரே டொக்டரிடம் கேட்டுவிட்டாராம். இடுப்பெலும்பில் கொஞ்சம் எடுத்து, தொழிற்சாலையில் செய்த துகளைக் கலந்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். சத்திர சிகிச்சைக்குத் திகதியும் கிடைத்துவிட்டது. கணவர் பீடிக்கட்டை மனைவியிடம் கொடுத்துவிட்டதாகக் கேள்வி. முறிந்தது அவர் கால் இல்லைதான், ஆனால் ஒரே காம்பராவில் புகை எல்லோருக்கும்தானே.