கிடாக் கன்று எங்கே போகிறது?

"நான் சுத்த சைவம். உயிரைக் கொன்று தின்பதில்லை" என்று சொல்லும் நம் அன்பர்கள் மும்பையில் ஏராளம். தாராவியிலும் மாட்டுங்காவிலும் அவர்கள் நாள்தோறும் நாலு டீ குடிக்கிறார்கள். அந்தப் பால் பல நாள் எருமைப் பால்.

எருமை கன்று ஈன்றால்தான் பால் சுரக்கும். ஏறக்குறைய பத்து மாதம் கறக்கும், பிறகு வற்றும். இந்த நகரத்தில் இடமும் தீவனமும் விற்கிற விலையில், வற்றிய எருமைக்குத் தீனி போட யாருக்குக் கட்டுபடி ஆகும்? மராட்டியத்தில் பசுவை வெட்டத் தடை உண்டு. 2015 முதல் காளைக்கும் எருதுக்கும் தடை. எருமைக்கு இல்லை. எருமை இறைச்சி ஏற்றுமதியில் இந்தியா உலகின் முன்னணி நாடுகளில் ஒன்று. அந்தத் தொழிலுக்கு மாடு கொடுப்பது பால் தொழில்தான்.

கிடாக் கன்றின் கதி இன்னும் மோசம். உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது. பால் தராத கிடாவுக்குப் பால் விட மனம் வருவதில்லை. அரை வயிறாகக் கட்டிப்போட்டே சாகவிடும் தொழுவங்கள் உண்டு. ஊரில் கன்று செத்தால் தோலில் வைக்கோல் திணித்துத் தாய்முன் நிறுத்துவார்கள்; அதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். இங்கே அதுவும் வேண்டாம், ஆக்சிடோசின் ஊசி இருக்கிறது.

காந்தியடிகள் விட்ட பால்

கல்கத்தாவில் பசு, எருமைகளை வதைத்துப் பால் கறப்பதைப் படித்த காந்தியடிகள், 1912-ல் தென்னாப்பிரிக்காவில் பாலையே விட்டார். 1918-ல் கடும் வயிற்றுப்போக்கில் விழுந்து எலும்பும் தோலுமானார். "விரதம் பசு, எருமைப் பாலுக்குத்தானே? ஆட்டுப்பால் குடிக்கலாமே" என்று கஸ்தூரிபா வழி சொன்னார். குடித்தார். ஆனால் விரதத்தின் சொல் பிழைத்தது, பொருள் போயிற்று என்று கடைசிவரை வருந்தினார்.

அவர் காலத்தில் தெரியாத இன்னொரு கணக்கு இன்று உண்டு. மாடு அசைபோடும்போது வெளியேறும் மீத்தேன், கரியமில வாயுவைவிட 27 மடங்குக்குமேல் பூமியைச் சூடாக்கும். 2019 கணக்கெடுப்பில் நம் நாட்டில் பசு, காளை இனம் 19 கோடி; எருமை சுமார் 11 கோடி. நகரத்து மாடுகளை ஒதுக்க 1949-ல் ஆரே பால் காலனி அமைத்தார்கள். ஆனாலும் தொழுவங்களின் சாணம் இன்றும் மித்தி ஆற்றில் கலக்கிறது.

கறியை விட்டவர் பாலையும் குறைக்கலாம். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். பசும்பாலில் சுமார் 120தான். முழுக்க விடுபவர் பி12 மாத்திரை எடுக்க வேண்டும். குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.